பந்தல் பூரா வீட்டுக்கொடி

செய்தி வந்தபோது மணி மூன்றரை. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். எட்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களும் மாட்டுப் பொங்கல் கதையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கைப்பையில் போன் அதிர்ந்தது. என் கணவர்.

“விஜி, மதினி போயிட்டாக.”

முந்தின நாள் சாயங்காலம்தான் அவளோடு பேசியிருந்தேன். ஊருக்கு வராமல் போனதற்கு என்னைத் திட்டிவிட்டு, “நாளைக்கு மிச்சக் கொடியையும் கட்டி முடிக்கணும், நாரு ஊறப் போட்டிருக்கேன். ஒன் பள்ளிக்கூடத்துக்கு விடுற மாதிரி என் பந்தலுக்கு எவனும் லீவு விட மாட்டான்த்தா, வையி போனை” என்றாள். எப்போதும் அவள்தான் முதலில் வைப்பாள்.

காலையில் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறாள். நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று பாயை விரித்துப் படுத்தவள், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள். ஐம்பத்திரண்டு வயது. டாக்டர் மாரடைப்பு என்று சொன்னார். யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். அதை நான் நம்புகிறேன்.

அய்யம்மாள் என் ஓரகத்தி; நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவரின் அண்ணன் பாண்டியராஜனுக்கு, என் மூத்தாருக்கு, வாழ்க்கைப்பட்டு பண்ணைப்புரத்திலிருந்து சுருளிப்பட்டிக்கு வந்தவள். அவள் வந்தபோது என் கணவர் அரை டவுசர் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே திரிந்தாராம். அதைச் சொல்லியே கடைசிவரை அவரை அடக்கி வைத்திருந்தாள். “ஒன் டவுசருக்குப் பட்டன் தச்சவ நான், என்கிட்டப் பேசாத” என்றால் மின்வாரிய அலுவலகத்தில் பெரிய சத்தம் போடுகிற மனிதர் சிரித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரு திராட்சைத் தோட்டம். பன்னீர்த் திராட்சை. கல்கால் ஊன்றிக் கம்பி இழுத்து மேலே படரவிட்ட பந்தல். உள்ளே நுழைந்தால் குனிந்துதான் நடக்க வேண்டும். நட்டநடு வெயிலிலும் அங்கே பச்சை நிற இருட்டு இருக்கும். பாடு பார்ப்பது மூத்தாரும் அக்காவும். எங்களுக்கு ஒரு பங்கு வரும்.

கல்யாணமாகி வந்த புதிதில், 1997 என்று நினைக்கிறேன், தோட்டம் பார்க்கப் போனேன். கறுத்துத் தொங்கிய கொத்தைப் பார்த்ததும் கை தானாக மேலே போனது. அக்கா என் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

“ஏத்தா, அது விக்கிற பழம்.”

“ஒரு கொத்துதானக்கா?”

“ஒரு பழங்கூட வேணாம். முந்தாநாள்தான் மருந்தடிச்சிருக்கு. வா, வீட்டுக்கொடி அங்கன இருக்கு.”

அப்போதுதான் அந்த வழக்கம் எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அநேகமாக எல்லோரும் ஒரு கொடியை மருந்தடிக்காமல் விட்டுவைப்பார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு, விருந்தாளிகளுக்கு, கோயிலுக்கு, பழம் எடுக்க வருகிற வியாபாரியின் வீட்டுக்கு எல்லாம் அந்தக் கொடியிலிருந்துதான் போகும். எங்கள் வீட்டுக்கொடி பந்தலின் வடக்கு மூலையில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருந்தது. வந்தவர்கள் பறித்து அங்கேயே கழுவித் தின்ன வசதி. அக்கா ஒரு கொத்தைத் தொட்டியில் முக்கி எடுத்து என் முந்தானையில் போட்டாள். அவ்வளவு இனிப்பான பழத்தை நான் அதுவரை தின்றதில்லை.

“அப்ப விக்கிற பழத்தைத் திங்கிறவுக?” என்று கேட்டேன்.

“அவுக கழுவித் திம்பாக” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த வருடம் நான் பிள்ளை உண்டாகியிருந்தபோது மூலைக்கொடிப் பழம் கூடை கூடையாக என் அம்மா வீட்டுக்கு வந்தது. அக்காவே மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டு வருவாள். ஜன்னல் சீட்டு கிடைக்கும்வரை கம்பம் பஸ் நிலையத்தில் எத்தனை பஸ்ஸை வேண்டுமானாலும் விட்டுவிடுவாள்.

திராட்சைக்கு மருந்தடிப்பதைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெல்லுக்கு அடித்தால் மருந்து காலடியில் விழும். பந்தலில் தலைக்கு மேலே பார்த்து அடிக்க வேண்டும். அடித்தது பாதி, அடித்தவன் முகத்திலேயே சொட்டும். மூத்தார் ஒரு துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். அது நனைந்ததும் அவிழ்த்துப் பிழிந்து மறுபடி கட்டுவார். முடித்துவிட்டு வந்து ஒரு செம்பு மோர் குடிப்பார். மோர் குடித்தால் முறிந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா வீட்டில் மோர் தீர்ந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் கொடியைக் கவாத்து வெட்டித் தளிர்க்கவிடுகிற காலத்தை மாற்றி மாற்றி வருடத்தில் மூன்று வெள்ளாமைகூட எடுக்கலாம். வேறு எங்கும் பழம் இல்லாதபோது இங்கே பழம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழுக்கிற வெள்ளாமைக்குத்தான் நல்ல விலை. அதற்குத்தான் மருந்தும் அதிகம். மழை விட்டதும் இலைக்கு அடியில் சாம்பல் நோய் பூத்துவிடும். ஒரு தூறல் விழுந்தால் ஓர் அடிப்பு. அது காய்வதற்குள் அடுத்த தூறல்.

2001 மழையில் மூத்தார் பந்தலுக்கு அடியிலேயே விழுந்துவிட்டார். அக்கா போய்ப் பார்த்தபோது வாயில் எச்சில் வழிகிறது, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது, கண்ணின் கருமணி கடுகளவு சுருங்கிப்போயிருக்கிறது. மருந்து குடித்துவிட்டார் என்றுதான் கம்பம் ஆஸ்பத்திரியில் முதலில் நினைத்தார்கள். நர்ஸ் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டிருக்கிறார்.

“சண்டை தெனம் உள்ளதுதான். அதுக்காகச் சாகுற ஆளு இல்ல இவுக” என்று அக்கா சொன்னாளாம்.

நான் போனபோது அவர் கண்ணைத் திறந்திருந்தார். டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று பேசினார். குடித்தால் மட்டும் அல்ல, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இத்தனை வருடமாக ஏறியிருக்கிறது என்றார். இனி மருந்துப் பக்கமே போகக்கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தால் காப்பாற்ற முடியும் என்று சொல்ல மாட்டேன் என்றார். பிறகு, நல்ல பழங்களாகக் கொடுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்கு அந்த நேரம் உலகத்தில் வேறு எதுவும் தேவைப்படவில்லை. இந்த மனிதர் இருக்க வேண்டும். ஆனால் அவர் இருந்து சாப்பிடுவதற்குப் பந்தலும் இருக்க வேண்டும். பந்தல் இருக்க மருந்து வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு அழகுமலையைக் கூலிக்கு வைத்து மருந்தடித்தார்கள். அழகுமலை ஊருக்கெல்லாம் மருந்தடிக்கிற ஆள். இன்ஜின், ஹோஸ் எல்லாம் சொந்தமாக வைத்திருந்தான். நான் ஒரு வாரம் லீவு போட்டு ஒத்தாசைக்குத் தங்கியிருந்தேன். டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் அக்கா மூலைக்கொடிக்குப் போய் ஒரு கொத்துப் பறித்து வந்து, உரித்து, விதையெடுத்து மூத்தாருக்குக் கொடுத்தாள். மருந்தடிக்கிற ஒரு நாள் நானும் கூடப் போனேன். அழகுமலை தொட்டியோரம் மருந்து கலக்கி முடித்திருந்தான். இன்ஜினைப் போட்டான். கையிலிருந்த குழாயை அண்ணாந்து பிடித்து ஒரு தடவை நீளமாகப் பீய்ச்சினான். வெள்ளைப் புகை மாதிரி எழும்பி மூலைக்கொடி முழுக்க இறங்கியது.

அக்கா கூடையோடு நின்றுவிட்டாள்.

“ஏலே அழகுமலை, என்னலே செய்யிற? அது வீட்டுக்கொடிலே!”

“தெரியும்க்கா. மருந்து சரியா வருதான்னு பாக்க வேணாமா? இங்கன ஒரு அடி அடிச்சுப் பாத்துட்டுத்தான உள்ள போவோம்.”

“எப்பவுமா?”

“எப்பவுந்தான். முடிச்சுட்டு டின்னைக் கழுவுற தண்ணியும் இந்தா, இந்த வாய்க்கால்லதான போகுது. பாண்டி அண்ணன்கூட இப்படித்தான் செய்வாக. கேட்டுப் பாருங்க.”

தொட்டி அங்கே இருக்கிறது. அதனால் விருந்தாளிக்கு வசதி என்று வீட்டுக்கொடி அங்கே. மருந்து கலக்க வசதி என்று இன்ஜினும் அங்கே. பந்தலில் இருந்த எல்லாக் கொடிகளையும்விட முதல் மருந்தும் கடைசி மருந்தும் கழுவின தண்ணீரும் குடித்து வளர்ந்தது நாங்கள் மருந்தில்லாத கொடி என்று வைத்திருந்த கொடிதான். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு மூத்தார் முந்தின நாள் பழத்தைத் தின்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். “ஆமா, அங்கனதான் அடிச்சுப் பாப்போம்” என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “கோயிலுக்கு வேற குடுத்தோமே விஜி! சாமி ஒண்ணும் சொல்லலயே!” என்றாள். பிறகு கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினாள். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

“இனி வீட்டுக்கு ஒண்ணு, விக்கிறதுக்கு ஒண்ணுன்னு கிடையாது. பந்தல் பூரா வீட்டுக்கொடிதான்.”

சொல்வது சுலபம். மூத்தார் பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைக்கலாம் என்றார். தென்னை காய்க்கும்வரை என்ன செய்வது என்று அக்கா கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என் கணவரையும் உட்கார வைத்துக்கொண்டு பேசினாள். மருந்து அதிகம் கேட்பது மழை வெள்ளாமை. அந்த வெள்ளாமையை விட்டுவிடுவது. மழை காலத்தில் கொடியில் வெறும் இலை மட்டும் இருக்கட்டும். வெயில் காலத்தில் பழம் வருகிற மாதிரி கவாத்து வெட்டுவது. அதற்கு, பழைய காலத்தில் அடித்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் போதும். அதுவும் காய் நிறம் மாறுவதற்குள் நிறுத்திவிடுவது. விவசாய ஆபீசில் ஒருவரிடமும் கேட்டுவிட்டு வந்திருந்தாள். முடியும், ஆனால் வரும்படி குறையும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

என் கணவர் தயங்கினார். “விலை கிடைக்கிறதே மழைப் பழத்துக்குத்தான் மதினி. அத விட்டுட்டா...”

“ஒங்க அண்ணனுக்குப் பதிலா மூணு வெள்ளாமை வேணுமா? அண்ணனோட சேத்து ரெண்டு வெள்ளாமை வேணுமா? டவுசருக்குப் பட்டன் தச்சவ கேக்குறேன், சொல்லு.”

அவர் சிரித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பழம் எடுக்கிற மீரான் மைதீன் அண்ணன்தான் விடவில்லை. கம்பத்துக்காரர். எங்கள் பழம் அவர் லாரியில்தான் கேரளாவுக்குப் போகும். அக்காவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்துக்கே வந்துவிட்டார்.

“ஏன் தங்கச்சி, ஊரே மழைப் பழத்தை வித்துக் காசு பாக்கும். நீ என்ன, பந்தலுக்குக் கீழ கட்டிலைப் போட்டுப் படுத்துக்கிருவியா?”

“ஆமாண்ணே. நானும் ஒங்க மச்சானும் ரெண்டு கட்டில் போட்டுப் படுத்துக்கிருவோம். இத்தன வருசத்துல பந்தல் நிழல்ல ஒரு நாள் படுத்ததில்ல.”

“மச்சான், இவ பேச்சக் கேட்டீகன்னா ஓட்டாண்டியாப் போயிருவீக.”

“அவுக ஓட்டாண்டியா இருந்தாலும் சரி, இருக்கட்டும்ணே” என்றாள் அக்கா. அவர் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

2002 மழை நன்றாகப் பெய்தது. சுற்றிலும் எல்லாப் பந்தலிலும் காய். எங்கள் பந்தலில் இலை. அந்த வருடம் பார்த்து விலையும் ஏறியது. மூத்தார் வேலியோரம் போய் நின்று அடுத்த தோட்டத்து மருந்து வாடையை மோந்துவிட்டு வருவார். சும்மா இருந்து பழக்கமில்லாத உடம்பு. ஒருநாள் விடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பரணில் கிடந்த தெளிப்பானை இறக்கியிருக்கிறார். அழகுமலைக்கு ஆள் பற்றவில்லை, கூலிக்குக் கூப்பிட்டிருக்கிறான். அக்கா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க கெளம்பிட்டீக?”

“சும்மாதான். அழகுமலைக்கு ஒத்தாசையா ரெண்டு நாளைக்கு...”

அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். முந்தானையை இழுத்து மூக்கைச் சுற்றிக் கட்டினாள். “வாங்க போவோம். நீங்க ஹோஸைப் பிடிங்க, நான் குழாயைப் பிடிக்கிறேன். விழுந்தா ரெண்டு பேரும் சேந்து விழுவோம், ஒரே ஆட்டோல தூக்கிட்டுப் போயிரலாம்.”

சும்மா மிரட்டுகிறாள் என்றுதான் அவர் முதலில் நினைத்திருக்கிறார். அவள் கட்டை அவிழ்க்கவில்லை. தெருவில் இறங்கி முன்னால் நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். “ஏய், வாடி இங்கிட்டு” என்று கூப்பிட்டுத் தெளிப்பானைக் கீழே வைத்தார். பிறகு அவர் அதைத் தொடவில்லை. இதை அக்கா சொல்லி நான் கேட்டதில்லை. மூத்தார்தான் போன வாரம், காரியம் முடிந்த பிறகு, எங்களிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

அந்த வருடக் கஷ்டத்தை நான் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. இரண்டு மாடு வாங்கினார்கள். பால் சொசைட்டிக்குப் போனது. எருக் குழி தோண்டினார்கள். தொட்டியை இடித்துவிட்டுப் பந்தலுக்கு வெளியே, பாதையோரம் புதிதாகக் கட்டினார்கள். மூலைக்கொடியை வெட்டிவிடலாம் என்றார் மூத்தார். அக்கா விடவில்லை. “அது என்ன பாவம் பண்ணுச்சு? நாமதான குடுத்தோம், குடிச்சுச்சு” என்றாள். அதற்கு எரு மட்டும் கூடுதலாகப் போட்டாள். வருகிற காயைக் கிள்ளி எறிந்துகொண்டே இருந்தாள். பல கவாத்து தாண்டிய பிறகு ஒரு சித்திரையில் அதன் பழத்தைத் தானே முதலில் தின்றாள். மூத்தார் கை நீட்டியதும், “பொறுங்க, நாளைக்கு நான் எந்திரிக்கிறேனான்னு பாத்துட்டுத் திங்கலாம்” என்றாளாம். மறுநாள் எழுந்து அவரை எழுப்பிக் கொத்தைக் கையில் கொடுத்திருக்கிறாள்.

வெயில் பழத்தில் தோலில் புள்ளி விழுந்திருக்கும். கொத்து சிறியது. மீரான் மைதீன் அண்ணன் குறை சொல்லிக்கொண்டேதான் எடுத்தார். ஆனால் லாரி ஏற்றிய பிறகு, “வீட்டுக்குப் பழம் வேணும் தங்கச்சி, மதீனா கேட்டா” என்று நிற்பார். மதீனா அவர் மனைவி.

“வேற தோட்டத்துல வீட்டுக்கொடி இல்லயாண்ணே?”

“இருக்கு. அங்கன எங்க அடிச்சுப் பாக்குறானுகளோ, யாருக்குத் தெரியும்? இங்கன எந்தக் கொடியில பறிச்சாலும் ஒண்ணுதான.”

“அப்பறம் ஏன் புள்ளி, புள்ளின்னு புலம்புறீக?”

“அது யாவாரம் தங்கச்சி. இது வீடு.”

ஊர் முழுவதும் மாறிவிடவில்லை. நாலைந்து பேர் மழை வெள்ளாமையை விட்டார்கள். மலையம்மாள் என்று, தோட்டங்களில் கொத்தை மருந்துத் தண்ணீரில் முக்கியெடுக்கிற கூலிக்குப் போகிற பெண் ஒருத்தி, கூலி கொஞ்சம் குறைந்தாலும் அக்கா தோட்டத்துக்குத்தான் முதலில் வருவாள். இங்கே வேலை செய்தால் சாயங்காலம் கை எரியாமல் சோற்றைப் பிசைய முடிகிறது என்பாள். அழகுமலை இப்போதும் மருந்தடிக்கிறான். ஆனால் குழாயைத் தரையில் பார்த்துத்தான் பீய்ச்சிப் பார்க்கிறான்.

2003இல் என் கணவருக்குத் தேனிக்கு மாற்றலாகி நாங்கள் வந்துவிட்டோம். கோடை விடுமுறையில் என் மகளை அக்கா வீட்டில் விடுவேன். பந்தலுக்கு அடியில் உண்மையாகவே இரண்டு கட்டில் கிடக்கும். மத்தியானம் ஒன்றில் மூத்தார், இன்னொன்றில் அக்கா. என் மகள் படுத்தவாக்கில் கையை நீட்டி, எட்டுகிற கொத்தில் ஒவ்வொன்றாகப் பிய்த்து வாயில் போடுவாள். அவள் கையில் யாரும் பட்டென்று வைக்கவில்லை. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவாள். அவள் குறட்டை பந்தலுக்கு வெளியே கேட்கும். காசு பெரிதாகச் சேரவில்லை. கெங்குவார்பட்டியில் கட்டிக்கொடுத்த தங்கள் மகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். மூத்தார் ஒருநாள்கூட மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அறுபதை நெருங்குகிறார் மூத்தார். கை நடுக்கமில்லை. கவாத்துக் கத்தியை இன்னும் அவர்தான் தீட்டுகிறார். இந்த மார்கழி பிறந்ததும் அவர் வெட்டினார், தை பிறப்பதற்குள் தளிர் நீண்டுவிட்டது. தளிரை வளைத்து ஊறின வாழைநாரால் கம்பியில் கட்டுவது எப்போதும் அக்காவின் வேலை. தெற்கேயிருந்து ஆரம்பித்துக் கடைசியாக மூலைக்கொடிக்கு வருவாள்.

காரியம் முடிந்த மறுநாள் நானும் மூத்தாரும் தோட்டத்துக்குப் போனோம். வாளியில் நார் அப்படியே ஊறிக் கிடந்தது. மூலைக்கொடியில் மேற்குக் கிளைகள் எல்லாம் கட்டியிருக்கின்றன. கிழக்குப் பக்கம் இரண்டு கிளைகள் இன்னும் கட்டாமல் தொங்குகின்றன.